மனம் சோர்ந்தால் அரசிடம் எங்கே போவது? சென்னைக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2018-இல் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்தேன். இரவு ஷிப்ட். நாலாவது மாதம் வயிறு எரிய ஆரம்பித்தது. அல்சர் என்று நினைத்து மூன்று டாக்டர்களைப் பார்த்தேன், எண்டோஸ்கோப்பி கூட எடுத்தேன். குடலில் ஒன்றும் இல்லை என்றார்கள். அந்த மாதச் சம்பளத்தில் பாதி போனதுதான் மிச்சம். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அம்மா என்னைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த டாக்டரம்மா வயிற்றைத் தொடவே இல்லை. "தூக்கம் எப்படிப்பா இருக்கு?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு நான் அழுதுவிட்டேன்.

அது மனச்சோர்வு நோய். சிகிச்சை எடுத்தேன், இப்போது நன்றாக இருக்கிறேன். அன்றிலிருந்து ஊரிலிருந்து வேலைக்கு வரும் தம்பி தங்கைகள் பலருடன் அரசு மருத்துவமனைக்கும், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) டிஸ்பென்சரிக்கும், தொழிலாளர் அலுவலகத்துக்கும் துணைக்குப் போயிருக்கிறேன். அதில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனநலத்துக்கான உதவி சுகாதாரத் துறையிடம் இருக்கிறது. வேலை நேரம், லீவு, ஓய்வு பற்றிய உரிமைகள் தொழிலாளர் துறையிடம் இருக்கின்றன. இந்த இரண்டு துறைகளும் உங்களைப் பற்றி ஒருபோதும் பேசிக்கொள்ளப் போவதில்லை. டாக்டர் "நல்லா தூங்குங்க" என்பார், ஆனால் உங்கள் ஷிப்டை அவரால் மாற்ற முடியாது. ஷிப்டை மாற்றக்கூடியவருக்கு உங்களுக்கு உடம்பு சரியில்லை என்பதே தெரியாது. நடுவில் பாலமாக இருப்பது உங்கள் கையிலுள்ள காகிதம்தான்: ஓ.பி. சீட்டு, மருத்துவச் சான்று, சம்பளச் சீட்டு. அதனால் போகும் இடமெல்லாம் காகிதம் வாங்குங்கள், பத்திரமாக வையுங்கள்.

முதல் படி: 14416

நான் நோயில் இருந்தபோது இந்த எண் கிடையாது. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று, மத்திய அரசு டெலி மானஸ் என்ற தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. எண் 14416. இது கிடைக்காவிட்டால் 1800 891 4416. இரண்டும் இலவசம், இரவும் பகலும் இயங்கும், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் இது 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் நடக்கிறது. மாநில அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் மனநல ஆலோசனை உண்டு.

அழைத்ததும் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அப்புறம் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் பேசுவார். பலரும் இந்த இடத்தில்தான் திணறிப்போய், "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்று வைத்துவிடுகிறார்கள். அதனால் அழைப்பதற்கு முன் மூன்று விஷயங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை நாளாக இப்படி இருக்கிறது, தூக்கமும் சாப்பாடும் எப்படி, வேலையில் என்ன தடுமாறுகிறது. "ரெண்டு மாசமா மூணு மணி நேரம்தான் தூங்குறேன், சாப்பாடு இறங்கல, கணக்குல தப்பு விடுறேன்" என்று சொன்னால் போதும், மீதியை அவர்களே கேட்டு வாங்கிவிடுவார்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள், அல்லது பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனைக்குப் போகலாம் என்று சொல்வார்கள். ஹாஸ்டல் அறையில் ஆறு பேர் இருக்கிறார்கள், பேச இடமில்லை என்றால் மொட்டை மாடிக்கோ, ஏதாவது பூங்காவுக்கோ போய்விடுங்கள். பேச்சு முழுக்க ரகசியமாக வைக்கப்படும்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், அடுத்த படிகளையெல்லாம் விட்டுவிடுங்கள். பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் அந்த எண்ணத்தை அப்படியே வாய்விட்டுச் சொல்லுங்கள். உடனே 14416 அல்லது 108-ஐ அழையுங்கள், அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அது எந்த நேரமும் திறந்திருக்கும். போலீஸ், கேஸ் என்று பயந்து இதை மறைக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்கு அரசு சிகிச்சை தர வேண்டும் என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இல்லை.

இரண்டாம் படி: ஓ.பி. சீட்டு

போனில் பேசுவது ஒரு தொடக்கம். தூக்கமின்மையோ படபடப்போ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் நேரில் போய்விடுங்கள். எல்லா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. சிறிய ஊரில் இருப்பவர்களுக்கு மாவட்ட மனநலத் திட்டம் உண்டு. அதன்படி மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் வட்ட அளவிலான மருத்துவமனைகளுக்கு வருவார். எந்தக் கிழமை என்பதை உங்கள் அரசு மருத்துவமனையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 1990-களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டில் திருச்சியில்தான் இந்தத் திட்டம் முதலில் வந்தது.

சென்னையில் ராஜீவ் காந்தி மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆகிய மூன்றிலும் மனநலப் பிரிவு உண்டு. இவை தவிர, மனநலத்துக்கென்றே கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் இங்கே குழம்பிப் போகிறார்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருப்பது கே.எம்.சி. எனப்படும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மனநலக் காப்பகம் இருப்பது மேடவாக்கம் குளச் சாலையில், அயனாவரம் பக்கம். ஆட்டோவில் "கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி" என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் கே.எம்.சி.யில்தான் இறக்கிவிடுவார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நம் ஊரில் 'கீழ்ப்பாக்கம்' என்பதே ஒரு கேலி வார்த்தையாகிவிட்டது. "இவனைக் கீழ்ப்பாக்கத்துல சேர்க்கணும்" என்று சிரித்துப் பேசியே வளர்ந்தோம். அந்தச் சிரிப்பால் எத்தனை பேர் சிகிச்சைக்குப் போகாமல் நின்றுவிட்டார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு கனக்கிறது. 1794-இல் தொடங்கிய வரலாறு அந்த நிறுவனத்துக்கு. காலையில் போய்ப் பாருங்கள். ஐ.டி. அட்டையைக் கழுத்தில் மாட்டிய இளைஞர்கள், பள்ளி ஆசிரியர்கள், கைக்குழந்தையோடு வந்த பெண்கள், வயதான தகப்பனைக் கூட்டிவந்த மகன்கள் என்று எல்லாரும் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். வேறு எந்த ஓ.பி.யையும் போலத்தான் அதுவும் இருக்கும். வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலை உங்களுக்கு இருந்தால் பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அங்கே எல்லா நோய்க்கும் ஒரே வாசல்தான்.

காலையிலேயே போய்விடுங்கள், ஓ.பி. பகலோடு முடிந்துவிடும். ஆதார் அட்டை, ஏற்கெனவே பார்த்த டாக்டர்களின் சீட்டுகள், இப்போது சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டு போடும் இடத்தில் "மனநலப் பிரிவு" என்று தெளிவாகச் சொல்லுங்கள். கூச்சப்பட்டு "தலைவலி" என்று சொன்னால் வேறு அறைக்கு அனுப்பிவிடுவார்கள், அரை நாள் வீணாகும். எனக்கு அப்படி ஒருமுறை ஆகியிருக்கிறது. உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவர் கூட வந்தால் நல்லது. நாம் சொல்ல மறந்ததை அவர் சொல்வார்.

கூட்டம் அதிகம் என்பதால் டாக்டரிடம் நிறைய நேரம் கிடைக்காது. கிடைக்கும் நேரத்தில் நான்கு கேள்விகளைக் கேட்காமல் எழுந்து வராதீர்கள். எனக்கு என்ன பிரச்சினை, அதன் பெயர் என்ன? மாத்திரை எத்தனை நாளில் வேலை செய்யத் தொடங்கும்? தூக்கம் வருமா, வண்டி ஓட்டலாமா, மெஷினில் நிற்கலாமா? எப்போது, எப்படி நிறுத்துவது? இரண்டாவது கேள்வி மிக முக்கியம். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் தர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், அதற்கு மேலும் ஆகலாம். நாலு நாள் சாப்பிட்டு "ஒண்ணும் ஆகல" என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். இன்னொரு வகையினர் ஒரு மாதத்தில் நன்றாக இருக்கிறது என்று தாங்களாகவே நிறுத்திவிடுவார்கள். அப்புறம் நோய் திரும்ப வரும். நானும் அப்படி நிறுத்தியவன்தான், அதனால் மறுபடி மூன்று மாதம் படுத்தேன். மாத்திரையை டாக்டர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும்.

மாத்திரையை மருத்துவமனை மருந்தகத்திலேயே இலவசமாகத் தருவார்கள். மறுபடி எப்போது வர வேண்டும் என்று சீட்டில் தேதி எழுதித் தருவார்கள். அந்தச் சீட்டை வாங்கிய உடனே செல்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

அங்கே உங்களுக்கு உள்ள உரிமைகள்

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநல விடுதியில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். மனநோயாளியை எப்படி நடத்த வேண்டும் என்று நாடே பேச வேண்டிய நிலையை அந்தத் தீ உண்டாக்கியது. இன்று மனநலப் பாதுகாப்புச் சட்டம், எந்த வகையிலும் எந்த இடத்திலும் நோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று வெளிப்படையாகத் தடை செய்கிறது.

இந்தச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. வேலைக்குப் போகிறவர்கள் இதில் சிலவற்றையாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும். அரசு நடத்தும் அல்லது அரசு நிதி தரும் இடங்களில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது 18-ஆம் பிரிவு. உங்கள் நோய் விவரம் ரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்கிறது 23-ஆம் பிரிவு. அதாவது உங்கள் எச்.ஆர். மருத்துவமனைக்குப் போன் போட்டு "அவருக்கு என்ன நோய்?" என்று கேட்டு வாங்க முடியாது. உங்கள் மருத்துவப் பதிவுகளை நீங்கள் கேட்டுப் பெறலாம். விவரம் புரிந்த, வயது வந்த ஒருவர் தானாக வந்து வார்டில் சேர்ந்தால், தானாகவே வெளியே போகும் உரிமையும் பெரும்பாலும் அவருக்கு உண்டு. இன்னொன்றும் செய்யலாம். நன்றாக இருக்கும்போதே, "நாளை எனக்கு முடிவெடுக்கும் நிலை இல்லாமல் போனால் இன்ன சிகிச்சை வேண்டும், இன்னது வேண்டாம், எனக்காக இவர் பேசட்டும்" என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். ஊரிலிருந்து தனியாக வந்து அறையெடுத்துத் தங்கியிருப்பவர்கள், தங்களுக்காக யார் பேச வேண்டும் என்பதையாவது ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்தால் நல்லது.

மூன்றாம் படி: காகிதத்தை அலுவலகத்துக்குக் கொண்டுபோவது

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. என் கணிப்பில், நோயின் பெயரை எல்லாரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. லீவுக்குத் தேவை மருத்துவச் சான்று மட்டுமே. சான்று எழுதும்போது "என்ன வார்த்தை போடப்போகிறீர்கள்?" என்று டாக்டரிடம் மரியாதையாகக் கேளுங்கள். எத்தனை நாள் ஓய்வு தேவை, இரவு வேலை இப்போதைக்குத் தவிர்க்கப்பட வேண்டுமா என்பதை அதில் எழுதச் சொல்லிக் கேட்கலாம். இரவு ஷிப்ட் பற்றிய அந்த ஒரு வரி எனக்கு எவ்வளவு உதவியது என்று சொல்லி மாளாது.

அப்புறம், வாய்வழியாகக் கேட்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ போதும். இப்படி எழுதலாம்: "உடல்நலக் குறைவுக்காக அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வருகிறேன். மருத்துவர் பத்து நாள் ஓய்வும், அடுத்த இரண்டு மாதங்களுக்குப் பகல் ஷிப்டும் பரிந்துரைத்துள்ளார். சான்று இணைத்துள்ளேன். அனுமதிக்க வேண்டுகிறேன்." இதற்கு மேல் ஒரு வரிகூட வேண்டாம். என் முதல் வேலையில் டீம் லீடரிடம் வாயால் சொல்லிவிட்டு லீவில் போனேன். திரும்பி வந்தபோது, சொல்லாமல் போனதாக எழுதி வைத்திருந்தார்கள். மறுத்துக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை.

லீவு எத்தனை நாள் என்பதற்குச் சட்டம் இருக்கிறது. கடை, அலுவலகம், உணவகம் போன்ற இடங்களில் வேலை செய்பவர்களுக்கு 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் பொருந்தும். அதன்படி முதல் ஆண்டிலேயே உடல்நலக் குறைவுக்கு 12 நாளும், தற்செயல் விடுப்பாக 12 நாளும் சம்பளத்தோடு உண்டு. ஓராண்டு முடிந்தபின் மேலும் 12 நாள் ஈட்டிய விடுப்பு. அதை 24 நாள் வரை சேர்த்து வைக்கலாம். "சேர்ந்து ஆறு மாசம்தான் ஆகுது, உனக்கு லீவே கிடையாது" என்று சூப்பர்வைசர் சொன்னால் அது தவறு. ஆனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. சில நிறுவனங்களுக்கு அரசு சில பிரிவுகளிலிருந்து விலக்கும் தந்திருக்கும். உங்கள் நிறுவனம் எதில் வருகிறது என்று தொழிலாளர் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: இ.எஸ்.ஐ. இருக்கிறதா என்று பாருங்கள்

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களுக்கு இது பெரிய ஆதரவு. ஆனால் இதை மனநலத்துக்குப் பயன்படுத்தலாம் என்று தெரிந்தவர்கள் மிகக் குறைவு. சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். சம்பளத்தில் 0.75 விழுக்காடு பிடித்திருப்பார்கள். 18,000 ரூபாய் வாங்குகிறவருக்கு 135 ரூபாய். முதலாளி தன் பங்காக 3.25 விழுக்காடு, அதாவது 585 ரூபாய் கட்ட வேண்டும். பிடித்தம் இருந்தும் காப்பீட்டு எண் உங்களிடம் இல்லையென்றால் உடனே கேட்டு வாங்குங்கள்.

சிகிச்சை உரிமை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே தொடங்கிவிடும். முதலில் உங்கள் பகுதி டிஸ்பென்சரிக்குப் போங்கள். அங்குள்ள மருத்துவர் தேவைப்பட்டால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார். சென்னையில் கே.கே. நகரிலும் அயனாவரத்திலும் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் இருக்கின்றன.

பண உதவி வேறு கணக்கு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அல்லது அக்டோபர் முதல் மார்ச் வரையிலான ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாள் சந்தா சேர்ந்திருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவருக்குச் சுமார் ஒன்பது மாதம் கழித்துத்தான் இது கைக்கு வரும். தகுதி வந்தபின், நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குத் தினச் சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். மேலே சொன்ன 18,000 ரூபாய்க்காரருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 420 ரூபாய் வரும். முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. இதற்கு இ.எஸ்.ஐ. மருத்துவர் தரும் சான்று வேண்டும். அதைக் கிளை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். வெளியே தனியார் டாக்டரிடம் பார்த்துவிட்டுக் கடைசியில் இங்கே வந்தால் அலைச்சல்தான், அதனால் முதல் நாளே டிஸ்பென்சரியில் பதிவு செய்துவிடுங்கள்.

மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய்கள், இ.எஸ்.ஐ. நீட்டித்த உதவி தரும் நீண்டகால நோய்களின் பட்டியலில் இருக்கின்றன. இரண்டாண்டு வேலையும் போதிய சந்தாவும் உள்ளவருக்கு 80 விழுக்காடு சம்பளம், தேவையைப் பொறுத்து இரண்டாண்டு வரை கிடைக்க வழியுண்டு. ஒரு குடும்பம் வீட்டை விற்காமல் தப்பிக்க இது போதும். ஆனால் கேட்டால்தான் தருவார்கள்.

21,000-க்கு மேல் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு இருக்கலாம். உடல் நோய்க்கு எப்படியோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் வரும், ஓ.பி. செலவுக்கு வராது. வீடு திரும்பும்போது தரும் டிஸ்சார்ஜ் அறிக்கையை மறக்காமல் வாங்குங்கள்.

ஐந்தாம் படி: நேரத்தைக் கணக்கெடுங்கள்

மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே தினமும் பதின்மூன்று மணி நேரம் வேலை செய்தால் குணமாவது கடினம். அதனால் சிகிச்சையோடு சேர்த்து வேலை நேரத்தையும் பார்க்க வேண்டும்.

மேலே சொன்ன 1947-ஆம் ஆண்டுச் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு போடுகிறது. ஓ.டி.யோடு சேர்த்துக்கூட நாளைக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது. ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம். நான்கு மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேரம் ஓய்வு. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. தொழிற்சாலைகளுக்குத் தனிச் சட்டம் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் அவற்றை மத்திய அரசின் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் ஆள்கின்றன. அங்கும் 8 மணி நேரம், 48 மணி நேரம், ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் என்பதே அடிப்படை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியதும், எதிர்ப்புக்குப் பின் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதும் நினைவிருக்கும். எட்டு மணி நேரம் என்பது தானாகக் காப்பாற்றப்படும் வரம்பில்லை என்பதை அன்று நேரில் பார்த்தோம்.

ஒரு சின்ன நோட்டு வாங்கி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், சாப்பாட்டு இடைவேளை, வாரவிடுமுறை கிடைத்ததா என்று தினமும் குறித்து வையுங்கள். நான்கு வாரம் எழுதினால் போதும். முதலில் அதை வைத்து மேலாளரிடம் பேசுங்கள். நடக்கவில்லையென்றால் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுங்கள். சென்னையில் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது, மாவட்டங்களிலும் அலுவலகம் உண்டு. முதல்வரின் முகவரி எண்ணான 1100-லும் புகார் பதியலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சங்கத்தோடு போங்கள். ஐ.டி. ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று 2016-இல் தமிழ்நாடு அரசே தெளிவுபடுத்தியிருக்கிறது.

துணிக்கடையிலும் நகைக்கடையிலும் நிற்பவர்களுக்காக ஒன்று. 2021-இல் அந்த 1947-ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தில் திருத்தம் வந்தது: ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும். காலை முதல் இரவு வரை நின்றுவிட்டு, கால் வீங்கி, அறையில் எட்டுப் பேரோடு படுத்து, மறுநாள் மறுபடி நிற்கும் பெண்களைத் தி.நகரில் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் "மனசு எப்படி இருக்கு?" என்று கேட்பதற்கு முன் ஒரு ஸ்டூல் போட வேண்டும். உங்கள் கடையில் இருக்கை இல்லையென்றால் அதுவும் புகார் கொடுக்கத்தக்க விஷயம்தான்.

வேலை நேரம் முடிந்தபின் அலுவலகப் போனை எடுக்காமலிருக்கும் உரிமை என்று தனிச் சட்டம் இந்தியாவில் இன்னும் இல்லை. இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை, இரவு பத்து மணிக்கு வரும் வேலைகளையும் அந்த நோட்டில் நேரத்தோடு எழுதுங்கள்.

பெண்களுக்கு

மகப்பேறு விடுப்பு 26 வாரம், முதல் இரண்டு குழந்தைகளுக்கு. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைப் பலரும் "பச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று தள்ளிவிடுகிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் வெறுமையும் போகவில்லையென்றால் தடுப்பூசிக்குப் போகும்போதே கிராம சுகாதார செவிலியரிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள்.

கடைகளிலும் நிறுவனங்களிலும் இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலை வாங்க அவர்களின் எழுத்துபூர்வ ஒப்புதலும் பாதுகாப்பும் போக்குவரத்து வசதியும் தேவை. கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தத் தாளைப் படியுங்கள். தங்க இடம் தேடுகிறவர்கள் அரசின் தோழி விடுதிகளில் விண்ணப்பிக்கலாம். இதையெல்லாம் ஏன் மனநலக் கட்டுரையில் எழுதுகிறேன் என்றால், பாதுகாப்பான ஒரு கட்டிலும் அலுவலகத்துக்குப் பக்கமான ஒரு அறையும் கிடைத்தபின் தூக்கம் திரும்பிய பெண்களை எனக்குத் தெரியும்.

நோய் நீண்டுகொண்டே போனால்

ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் மனநோய், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்று. மருத்துவக் குழு மதிப்பிட்டு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்று சான்று தந்தால் பல உதவிகளுக்குத் தகுதி வரும். அரசு ஊழியராக இருக்கும்போது இப்படி ஆனால், அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது. இந்தச் சான்றை எடுப்பதா வேண்டாமா என்று டாக்டரிடமும் வீட்டிலும் பேசி நிதானமாக முடிவெடுங்கள். எல்லாருக்கும் இது தேவைப்படாது.

சரி, இந்த வாரம் செய்ய வேண்டியது. ஒரு பிளாஸ்டிக் உறை வாங்குங்கள். அதில் ஓ.பி. சீட்டு, மருத்துவச் சான்றின் நகல், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வேலை நியமனக் கடிதம், இ.எஸ்.ஐ. எண், நேரம் எழுதிய நோட்டு எல்லாவற்றையும் வையுங்கள். நீங்கள் நம்பும் ஒருவரிடம் அந்த உறை எங்கே இருக்கிறது என்று சொல்லி வையுங்கள். சீட்டில் எழுதிய அடுத்த தேதியைப் பார்த்து, அந்த மாத ஷிப்ட் பட்டியல் போடுவதற்கு முன்பே எழுத்தில் லீவு கேட்டுவிடுங்கள். மாத்திரை தீர்வதற்கு இரண்டு நாள் முன்பாகவே அந்தத் தேதி வருகிறதா என்றும் எண்ணிப் பாருங்கள்.